கியர் போட்டதும் வண்டி ஆஃப் ஆகிறதா? மெக்கானிக் கடைக்குத் தள்ளும் முன் செய்யக்கூடாத சில தவறுகள்

மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூட்டம் கலைகிற நேரம். அக்கா மகன் வண்டியை ஸ்டார்ட் செய்தான். இன்ஜின் நன்றாகவே ஓடியது. கிளட்சைப் பிடித்து முதல் கியரைப் போட்டான், பொட்டென்று நின்றது. நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் ஸ்டார்ட் ஆகிறது, கியரைப் போட்டால் நிற்கிறது. ஏழெட்டு முறை இதே கதை. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொன்னார். இன்னொருவர், “பாண்டியில பெட்ரோல் போட்டியா? அதான்” என்று தீர்ப்பே எழுதிவிட்டார். “மாமா, கிளட்ச் பிளேட் போயிடுச்சாம், பெரிய செலவு வைக்குமாம்” என்று அவன் என்னிடம் வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

கிளட்ச் நன்றாகத்தான் இருந்தது. சைடு ஸ்டாண்டு மேலே ஏறியதுபோல் தெரிந்தாலும் கடைசி ஒரு விரற்கடை ஏறாமல் நின்றிருந்தது. இடுக்கில் ஈர மணல். பாட்டில் தண்ணீரை ஊற்றி, ஸ்டாண்டைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கியதும் வண்டி கிளம்பிவிட்டது.

அன்று அங்கிருந்த எல்லோரும் எதைக் கழற்றலாம் என்றுதான் யோசித்தார்கள். வண்டி எப்படி நிற்கிறது என்று யாரும் கவனிக்கவில்லை. இந்தப் பழுதில் முதல் தவறு அதுதான். நிற்கிற விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. கிளட்ச் கையில் பிடித்தபடி இருக்க, கியர் விழுந்த நொடியில் சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் இன்ஜின் அடங்கினால் அது கரண்ட் விவகாரம். கிளட்சைப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் ஒரு எகிறு எகிறி நின்றால், கிளட்ச் இன்ஜினை முழுதாக விடவில்லை. கியர் போட்டுக் கிளட்சைப் பிடித்திருக்கும்வரை ஒன்றுமில்லை, கிளட்சை விட ஆரம்பித்ததும் திணறி நிற்கிறது என்றால் இன்ஜினுக்கு ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரை முறுக்காமல் ஓடும்போது, தெம்பு இல்லை, அல்லது பின்சக்கரத்தை ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று முறை நிதானமாகப் போட்டுப் பார்த்து, இந்த மூன்றில் எது என்று முடிவு செய்துகொண்ட பிறகு ஸ்பேனரைத் தேடலாம்.

பாண்டி பெட்ரோல் பேச்சை இங்கேயே முடித்துவிடுகிறேன். கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது சொச்சம் கிலோமீட்டர். வரி குறைவு என்பதால் அங்கே விலையும் குறைவு. வேலைக்குப் போய் வருகிற கடலூர்க்காரர்களில் பலர் அங்கேதான் டேங்கை நிரப்புகிறார்கள். அதனால் இங்கே எந்த வண்டி நின்றாலும் பழி அந்தப் பெட்ரோல்மேல் விழும். ஆனால் நியூட்ரலில் சீராக ஓடி, கியர் விழுந்த அதே நொடியில் அணைகிற வண்டிக்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமில்லை. வண்டி எந்தக் கியரில் இருக்கிறது என்று பெட்ரோலுக்கு எப்படித் தெரியும்? பெட்ரோலில் கோளாறு என்றால் நியூட்ரலிலும் திணறும், ஓடும்போதும் இழுக்காது. டேங்கை வடித்துக் கீழே ஊற்றுவது வீண் வேலை.

இப்போது வரும் பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த) வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது கியர் போட்டால் இன்ஜினை அணைத்துவிடுவது அதன் வேலை. நியூட்ரலில் ஸ்டாண்டு போட்டபடி ஓடவிடும், கியர் போட்டால் விடாது. புதிதாக இந்த வகை வண்டி வாங்கியவர்கள், அதிலும் பழைய வண்டியில் பத்து வருஷம் ஓட்டிப் பழகியவர்கள், ஸ்டாண்டை எடுக்காமலே கியர் போட்டுவிட்டு “புது வண்டியே ஓட்டை” என்று ஷோரூமுக்குப் போன் செய்வது நடக்கிறது. சிரிக்க வேண்டாம், நானே ஒரு நாள் மஞ்சக்குப்பத்தில் நடுரோட்டில் அப்படி நின்றிருக்கிறேன்.

ஸ்டாண்டு சரியாக ஏறியும் பழுது போகவில்லை என்றால் சுவிட்சில் மணலோ உப்போ சேர்ந்திருக்கும். நம் கடற்கரைக் காற்றுக்கு இரும்பு, செம்பு என்ற பேதமில்லை. சுவிட்சிலிருந்து போகும் ஒயரின் கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகியை) பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும். பலர் செய்கிற தவறு, வாட்டர் சர்வீஸில் விட்டு அந்த இடத்திலேயே பிரஷரில் தண்ணீர் அடிக்கச் சொல்வது. சேறு போகும், தண்ணீர் கப்ளருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சர்வீஸ் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் பழுது வந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். சாதாரணத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவிட்டு, கப்ளரைத் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதைவிடப் பெரிய தவறு, அந்தச் சுவிட்ச் ஒயரை வெட்டி முறுக்கி ‘டைரக்ட்’ செய்துவிடுவது. அஞ்சு நிமிஷ வேலை, காசும் குறைவு, அதனால் ரோட்டோரக் கடைகளில் தாராளமாகச் செய்துகொடுப்பார்கள். சைடு ஸ்டாண்டு இடப்பக்கம் இருக்கிறது. அதை மடக்க மறந்து கிளம்பி, இடப்பக்கம் சாய்த்துத் திருப்பும்போது ஸ்டாண்டின் நுனி தரையில் இடித்து வண்டியைத் தூக்கிவிடும். எத்தனையோ பேர் இப்படி விழுந்த பிறகுதான் இந்தச் சுவிட்சே வந்தது. ஊருக்குப் போய்ச் சேர வேறு வழியே இல்லை என்றால் ஒரு நாள் அப்படி ஓட்டுங்கள். மறுநாள் சுவிட்சை மாற்றிவிடுங்கள்.

நியூட்ரல் விளக்கையும் ஒரு கண் பாருங்கள். நியூட்ரலில் பச்சை விளக்கு எரியாத வண்டி, ஸ்டாண்டு போட்டிருந்தால் நியூட்ரலிலேயே அணையலாம். பல வண்டிகளில் நியூட்ரல் சுவிட்சின் ஒயர், செயின் ஸ்பிராக்கெட் பக்கமாகப் போகும். செயின் ஆயிலும் ரோட்டுச் சேறும் சேர்ந்து அங்கே களிபோல் அப்பியிருக்கும். பேட்டரி முனை லூசாக இருந்தாலும், கியர் விழும் அந்த ஆட்டத்தில் தொடர்பு விட்டுப்போய் எல்லாம் அணையும். அப்போது மீட்டரும் சேர்ந்து அணைவதால் கண்டுபிடிப்பது எளிது.

இரண்டாவது வகைக்கு வருவோம், எகிறி நிற்கிற வண்டி. நம் ஊரில் அதிகப் பணம் வீணாவது இதில்தான். ஏனென்றால் ‘கிளட்ச் பிரச்சினை’ என்று சொன்னதுமே ‘பிளேட் மாத்தணும்’ என்ற பதில் வந்துவிடுகிறது. கிளட்சில் நேரெதிரான இரண்டு பழுதுகள் உண்டு. ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி போகமாட்டேன் என்கிறது, கெடிலம் ஆற்றுப் பாலம் ஏறும்போது தவிக்கிறது என்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது பிடிக்காமல் வழுக்குகிறது. பிளேட் தேய்ந்ததற்கான அடையாளம் அதுதான். கியர் போட்டால் எகிறி நிற்பது அதற்குத் தலைகீழ். பிளேட்டுகள் ஒன்றையொன்று விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தேய்ந்த பிளேட் ஒட்டாது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால், ‘பிளேட் தேஞ்சிடுச்சு’ என்று யாராவது சொல்லும்போது ஒரு கேள்வி கேட்க முடியும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சைடு ஸ்டாண்டை மடக்கி, இன்ஜின் சூடானதும் கிளட்சை முழுக்கப் பிடித்து முதல் கியரைப் போடுங்கள். பின்சக்கரம் மெதுவாகச் சுற்றும். உடனே பயப்பட வேண்டாம், ஆயிலின் இழுவையில் கொஞ்சம் சுற்றுவது இயல்பு. பிரேக்கை லேசாக மிதியுங்கள். சக்கரம் நின்று இன்ஜின் ஓசை மாறாமல் இருந்தால் கிளட்ச் நன்றாகவே விடுகிறது. இன்ஜின் அமுங்கினாலோ அணைந்தாலோ விடவில்லை. கையையும் வேட்டி நுனியையும் செயின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். காலையில் முதல் கியர் போடும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வருவதும் இயல்புதான். அதைக் கேட்டுப் பிளேட் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

கிளட்ச் விடவில்லை என்று தெரிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கேபிள். அதிலும் ஒரு தவறு உண்டு. லிவரில் பிளே (கேபிள் இறுகும் முன் லிவர் சும்மா ஆடும் அளவு) அதிகமாக இருந்தால் கிளட்ச் முழுதாக விடாது, சரி. அதற்காகப் பிளேயே இல்லாமல் நரம்புபோல் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். அன்றைக்குப் பழுது தீர்ந்ததுபோல் இருக்கும். ஆனால் இப்போது கிளட்ச் எப்போதும் பாதி பிடித்த நிலையில் இருப்பதால், கொஞ்ச நாளில் ஸ்லிப் ஆகிப் பிளேட் உண்மையிலேயே கருகிப்போகும். சாதாரண 100, 125 சிசி வண்டிகளில் லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் பிளே இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கூடவே கொடுத்த புத்தகத்தில் இருக்கும். கேபிளின் உறைக்குள் துரு ஏறி, நாலு இழை அறுந்து கிடந்தால் எவ்வளவு அட்ஜஸ்ட் செய்தாலும் நிலைக்காது. ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், லிவரின் இறுக்கம் மாறினால் கேபிள் எங்கோ சிக்கியிருக்கிறது. பிளேட்டோடு ஒப்பிட்டால் கேபிளின் விலை ஒன்றுமேயில்லை. முதலில் அதை மாற்றுங்கள்.

அப்புறம் ஆயில். “வெயில் ஊர்தானே, கெட்டியா ஊத்து” என்பது பெரிய தத்துவம்போல் நம்மிடம் உலவுகிறது. 10டபிள்யூ-30 கேட்கிற வண்டிக்கு அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால், ஆறிய இன்ஜினில் பிளேட்டுகளுக்கு நடுவே அந்தக் கெட்டி ஆயில் பசைபோல் நின்று இழுக்கும். காலையில் முதல் கியரில் மட்டும் நின்று, பத்து நிமிஷம் ஓடியபின் சரியாகிற வண்டிக்குப் பல நேரம் இதுதான் காரணம். அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே தொல்லை. காருக்கு வாங்கியதில் மிச்சம் என்று கார் ஆயிலை ஊற்றினால் எதிர்ப்பக்கம் போய் ஸ்லிப் ஆகும். டப்பாவில் ‘ஜாஸோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்ற பைக் ஆயில் தரக்குறி போட்டிருக்க வேண்டும். ‘எம்பி’ என்றிருந்தால் அது ஸ்கூட்டர் ஆயில்.

வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்வது சகஜம். இன்ஜினை அணைத்து, மூன்றாவது நான்காவது கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபட்டுவிடும். பழைய புல்லட்காரர்கள் காலையில் சாவி போடாமல், கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை நாலு மிதி மிதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சாமிக்குப் போடுகிற கும்பிடு மாதிரி தெரியும், உண்மையில் பிளேட்டைப் பிரித்துவிடுகிறார்கள். அந்தப் புல்லட்டில் உதை கிளட்ச் வழியாகப் போவதால் இது செல்லும். இன்றைய பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் பிடித்திருந்தாலும் கிக்கர் இன்ஜினைச் சுற்றும், அதனால் இந்த வித்தை பலிக்காது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் தனி ரகம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரில் பல இடங்களில் வீட்டுக்குள்ளேயே புகுந்தது. அப்போது மூழ்கிய வண்டிகளில் எத்தனை பேர் தண்ணீர் வடிந்த அன்றே செல்ஃபை அழுத்தினார்கள்! சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு அழுத்தலிலேயே கனெக்டிங் ராடு (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) வளைந்துவிடலாம். தப்பித்து ஸ்டார்ட் ஆனவர்கள் ‘ஓடுதே’ என்று ஆயிலை மாற்றாமல் விட்டார்கள். உள்ளே போன தண்ணீரில் கிளட்சின் இரும்புத் தட்டுகள் துருப்பிடித்து, பக்கத்துப் பிளேட்டோடு ஒட்டிப்போயின. ஒரு மாதம் கழித்துக் கியர் போட்டதும் வண்டி எகிறி நிற்கும்போது, அந்த வெள்ளத்தை யாரும் நினைக்கவில்லை. ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கும்போது ஆயில் டீ நிறத்தில் நுரைத்திருந்தால், வடித்து, புதியது ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடியும் வடிக்க வேண்டும். ஒரு தடவை போதாது.

மூன்றாவது வகை சுலபம். கிளட்சை விடும்போது திணறி நின்றால், இன்ஜினை அணைத்து நியூட்ரலில் கையால் தள்ளிப் பாருங்கள். கனமாக உருண்டால் பின்பிரேக் பிடித்திருக்கிறது, அல்லது செயின் அளவுக்கு மேல் இறுக்கமாக இருக்கிறது. சுலபமாக உருண்டால் ஏர் ஃபில்டர், பிளக், பழைய வண்டியானால் கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட் என்று பாருங்கள். இங்கே செய்யக்கூடாதது, ஸ்குரூவைத் திருகி ஸ்லோவை ஏற்றி வைப்பது. சாதாரண வண்டிகளுக்கு 1,400 ஆர்பிஎம் அளவில் இருக்க வேண்டியதை 2,000-க்கு ஏற்றினால் வண்டி நிற்காதுதான். ஆனால் ஒவ்வொரு முறை முதல் கியர் போடும்போதும் கியர்ப் பற்கள் சம்மட்டி அடி வாங்கும், உண்மையான பழுதும் மறைந்துகொள்ளும். கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர் பெட்ரோலைப் பாய்ச்சும் பிஎஸ்6 வண்டிகளில் ஸ்லோவைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்வதால், திருக ஸ்குரூவைத் தேடி எதையாவது கழற்றிவைக்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்து முடியாமல் கடைக்குப் போனால் “கியர் போட்டா ஆஃப் ஆகுது, பாருங்கண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். “கிளட்ச் பிடிச்சிருக்கும்போதே நிக்குது, எகிறல, மீட்டர் அணையல, சைடு ஸ்டாண்டு மேலதான் இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மெக்கானிக்காக இருந்தால் டூல்ஸ் பெட்டியைத் திறக்காமல் நேரே அந்தக் கப்ளரில் கைவைப்பார்.