ஹங்கேரி வரலாற்றைத் திரைப்படம் வழியே கற்பிப்பது எப்படி: புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

நம் பாடநூல்களில் ஹங்கேரி பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் தலைகாட்டும்: ஆஸ்திரியாவோடு சேர்ந்த பேரரசின் பெயரில் ஒருமுறை, 1956-இல் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட்டுக்குள் நுழைந்தபோது இன்னொருமுறை. இவற்றுக்கு அப்பாலுள்ள நூற்றாண்டுகளை மாணவர்களுக்குக் காட்ட அந்நாட்டுத் திரைப்படங்களைப்போல் உதவுபவை வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. என் வரலாற்று வகுப்பில் நான் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன். புரொஜெக்டரை இணைப்பது, கோப்புகளை நகலெடுப்பது போன்றவற்றை விளக்கவில்லை.

படி 1: ஒரு காலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

ஆயிரம் ஆண்டு வரலாற்றை ஒரே பருவத்தில் நடத்த முயல வேண்டாம். 1552-இல் ஒட்டோமானியத் துருக்கியர் நடத்திய எகெர் கோட்டை முற்றுகை, ஆஸ்திரிய ஆட்சிக்கு எதிரான 1848–49 விடுதலைப் போர், 1956 புரட்சி ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி மாணவர்களுக்கு எகெர் முற்றுகையையே நான் முதலில் பரிந்துரைப்பேன். 1526-இல் மொஹாச் போரில் மன்னர் இரண்டாம் லாயோஷ் மாண்டதையும், 1541-இல் புடா நகரம் ஒட்டோமானியர் கைக்குப் போனதையும், நாடு மூன்று துண்டானதையும் கரும்பலகையில் ஒரு வரைபடமாகப் போட்டுவிட்டால் போதும். படம் தொடங்கும்போது யார் எந்தப் பக்கம் என்ற குழப்பம் வராது.

படி 2: ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு ஆண்டுகளை எழுதுங்கள்

இந்தச் செய்முறையின் உயிர்நாடி இதுதான். நானும் நெடுநாள் தடுமாறி நின்ற இடமும் இதுதான். படத்தின் கதை நடக்கும் ஆண்டை ஒரு பக்கமும், படம் எடுக்கப்பட்ட ஆண்டை மறுபக்கமும் எழுதி, இரண்டையும் மாணவர்கள் முன் வைத்துவிட்டுத்தான் திரையிட வேண்டும். ஹங்கேரியத் திரையுலகம் பல பத்தாண்டுகள் தணிக்கைக்குள் இயங்கியதால், நேரடியாகச் சொல்ல முடியாதவற்றைக் கடந்த காலத்தின் வாயிலாகச் சொல்லும் பழக்கம் அங்கே ஆழமாக வேரூன்றியிருந்தது.

யான்ச்சோ மிக்லோஷ் இயக்கி 1966-இல் வெளிவந்த ‘ஸெகேன்லெகேன்யெக்’ (ஏழை இளைஞர்கள்) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விடுதலைப் போர் ரஷ்யப் படைகளின் துணையோடு நசுக்கப்பட்டு இருபதாண்டுகள் கழிந்த பின், பரந்த சமவெளியின் நடுவே ஒரு கொட்டடியில் கைதிகளை அடைத்துவைத்து, கொள்ளையர் தலைவன் ரோஜா ஷான்தோரின் கூட்டாளிகள் யார் என்று ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கவைக்கும் விசாரணையே கதை. அதைப் பார்த்த ஹங்கேரியர்களோ 1956-ஐத் தொடர்ந்த கைதுகளையும், இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு நிறைவேற்றப்பட்ட மரண தண்டனைகளையும் நினைத்தார்கள். அண்மை நிகழ்வுகளுக்கும் படத்துக்கும் தொடர்பில்லை என்று இயக்குநர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. ‘1869 / 1966’ என்று பலகையில் எழுதிவிட்டால், ஒரே படத்தில் இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன.

பாச்சோ பேட்டர் இயக்கிய ‘அ தானூ’ (சாட்சி) படத்துக்கு மூன்றாவது ஆண்டு ஒன்றும் தேவைப்படும். 1956-க்கு முந்தைய கம்யூனிஸ்ட் தலைவர் ராகொஷியின் ஆட்சிக்காலத்தின் பொய் வழக்குகளைச் சாடும் இந்தப் படம் 1969-இல் எடுக்கப்பட்டு, ஏறத்தாழப் பத்தாண்டுகள் மக்கள் பார்வைக்கு வராமல் முடக்கப்பட்டது. கதையின் காலம், எடுத்த காலம், வெளிவந்த காலம் ஆகிய மூன்றையும் வரிசைப்படுத்தி, ஒவ்வோர் ஆண்டிலும் நாட்டை ஆண்டவர் யார் என்று மாணவர்களையே கண்டுபிடித்து எழுதச் சொல்லுங்கள்.

படி 3: பகுதிகளாகக் காட்டுங்கள், விடுபட்டதைச் சொல்லுங்கள்

ஒரு பாடவேளைக்குப் பத்து நிமிடக் காட்சியே தாராளம். எகெருக்கு, கார்தொனி கேஸாவின் நாவலைத் தழுவி வார்கொனி ஸோல்தான் 1968-இல் இயக்கிய ‘எக்ரி சில்லகொக்’ (எகெரின் விண்மீன்கள்) படத்தின் முற்றுகைப் பகுதி பொருத்தமானது. பெண்கள் உட்பட ஏறத்தாழ 2,000 பேர், தோபோ இஷ்த்வானின் தலைமையில், தம்மைவிடப் பன்மடங்கு பெரிய படையை எதிர்த்து நின்ற கதை அது. அந்த நாவல் ஹங்கேரியப் பள்ளிகளில் கட்டாயமாகப் படிக்கப்பட்டு வருகிறது. 2005-இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் நாட்டின் மிக விருப்பமான நாவலாகவும் தேர்வானது. ஒரு தேசம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பும் கதை எது என்பதை மாணவர்கள் இதிலிருந்து உணர்வார்கள்.

படம் சொல்லாததை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். 1596-இல் அதே கோட்டை ஒட்டோமானியரிடம் வீழ்ந்து, 1687 வரை அவர்கள் வசம் இருந்தது. அக்காலத்தில் எழுந்த மினாரா (மசூதிக் கோபுரம்) ஒன்று, 40 மீட்டர் உயரத்தோடு, எகெர் நகரில் இன்றும் நிற்கிறது. அதன் புகைப்படத்தைப் படக்காட்சிக்கு அடுத்து காட்டுங்கள். திரையில் தெரியும் கோட்டையும் எகெரில் உள்ளதன்று. புடாபெஸ்ட்டுக்கு அருகே பிலிஷ்பொரொஷ்யெனோ என்ற ஊரில் படத்துக்காகவே கட்டப்பட்டது.

படி 4: ஆவணங்களைப் பக்கத்தில் வையுங்கள்

புனைகதைப் படத்தைத் தனியாகக் காட்டுவதை நான் ஏற்பதில்லை. ஹங்கேரியின் தேசியத் திரைப்பட நிறுவனம் தன் காப்பகத்தின் பழைய செய்திப்படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. புகைப்படங்களுக்கு ஃபோர்தெபான் தளத்தையே நாடுங்கள். 2010-இல் தொடங்கிய இத்தளத்தின் படங்களை, தளத்தின் பெயரையும் படத்தை அளித்தவர் பெயரையும் குறிப்பிட்டுத் தடையின்றிப் பயன்படுத்தலாம். பொதுவான படத்தேடலில் கிடைப்பவற்றைவிட இவை எவ்வளவோ மேல். ஆண்டும் இடமும் பெரும்பாலும் உடன் இருக்கும்.

1956 பற்றிய பாடத்தில் நடுவில் ஓட்டையிட்ட கொடியின் புகைப்படத்தைக் காட்டி, எதை வெட்டி எடுத்திருப்பார்கள் என்று கேளுங்கள். சோவியத் பாணிச் சின்னத்தை மக்கள் கத்தரித்து எறிந்தார்கள் என்ற விடையை அவர்கள் தாமே எட்டும்போது, நீண்ட விரிவுரை தேவைப்படாது. அதன் பிறகு வந்த அரசுச் செய்திப்படங்கள் அதே நிகழ்வை ‘எதிர்ப்புரட்சி’ என்றே அழைத்தன. 1989 வரை அரசின் பார்வை அதுதான். இங்கேயும் படி 2-இன் இரண்டு ஆண்டுகளே கைகொடுக்கும்.

படி 5: பண்பாட்டுக்கு நாட்டுப்புறக் கதைகள்

சிறுவர்களுக்குக் கெச்கெமேத் நகரின் அசைவூட்டக் கூடத்தில் உருவான ‘மாஜர் நேப்மெஷேக்’ (ஹங்கேரிய நாட்டுப்புறக் கதைகள்) தொடரைவிடச் சிறந்ததை நான் அறியேன். யான்கோவிச் மார்ட்செலின் பெயரோடு இணைந்த இத்தொடரில் நூறு கதைகள். காலாகா குழுவின் இசை. ஒவ்வொன்றும் ஒரு பாடவேளைக்குள் இருமுறை பார்க்கக்கூடிய அளவில் சிறியது. காட்சிகளின் ஓரங்களையும் பின்னணியையும் நிறைக்கும் பூக்கோலங்கள் அந்நாட்டு வட்டாரங்களின் பூத்தையலிலிருந்து எடுக்கப்பட்டவை. முதல்முறை கதைக்காகவும், இரண்டாம்முறை ஒலியை நிறுத்திவிட்டு அந்தக் கோலங்களுக்காகவும் பாருங்கள். மாணவர்கள் அவற்றை வரைந்து பார்த்தால் இன்னும் நன்று.

படி 6: தமிழ் வசனவரி

ஆங்கில வசனவரி பல மாணவர்களுக்குத் தடையாகவே இருக்கும். பத்து நிமிடக் காட்சிக்குத் தமிழில் நீங்களே எழுதிவிடுங்கள். ஏகிசப் மென்பொருளைவிட சப்டைட்டில் எடிட் எனக்கு உகந்தது. எழுத்தலங்காரம் எதுவும் தேவையில்லாத வகுப்பறை வேலைக்கு அதுவே போதும், இலவசமாகவும் கிடைக்கிறது. கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஒரே நேரத்தில் இரண்டு வரிகளைத் தாண்ட வேண்டாம். வேகமான உரையாடலைச் சுருக்கிச் சொல்வதே பார்ப்பவர்க்கு நல்லது. தானியங்கி மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாதீர்கள். விசாரணை அதிகாரியிடம் கைதி ‘நீ’ என்று பேசுவதுபோல் வந்து, காட்சியின் அச்சமே கலைந்துவிடும்.

வாசகர்கள் எழுதியதால் சேர்த்தவை

பள்ளித் தொலைக்காட்சியில் பென்டிரைவைச் செருகியபோது தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன என்று ஓர் ஆசிரியர் எழுதியிருந்தார். அந்தத் தொலைக்காட்சியில் தமிழ் எழுத்துரு இல்லாததே காரணம். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் வசனவரியைக் காட்சியோடு நிலையாகப் பதித்து, புதிய கோப்பாக எடுத்துச் செல்லுங்கள். மடிக்கணினியிலிருந்து விஎல்சி வழியாகக் காட்டுபவர்கள், அதன் வசனவரி அமைப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எட்டாம் வகுப்புக்கு ‘ஸெகேன்லெகேன்யெக்’ காட்டலாமா என்று மற்றொருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அதில் ஓர் இளம்பெண்ணை ஆடையின்றிச் சவுக்கால் அடிக்கும் காட்சி உண்டு. கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமே, அதுவும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள். பள்ளி மாணவர்களுக்கு 1848 தலைமுறையை அறிமுகப்படுத்த, பெத்தேஃபி ஷான்தோரின் கதைப்பாடலை யான்கோவிச் 1973-இல் அசைவூட்டப் படமாக்கிய ‘யானோஷ் விதேஸ்’ (வீரன் யானோஷ்) இருக்கிறது. ஹங்கேரியின் முதல் முழுநீள அசைவூட்டப் படம் அது. கவிஞர் பிறந்த 150-ஆம் ஆண்டையொட்டி உருவானது. 1848 மார்ச் 15 அன்று புரட்சியை முன்னின்று தொடங்கிய இளைஞர்களுள் அக்கவிஞரும் ஒருவர் என்பதைப் படத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.