அருங்காட்சியக வழிகாட்டிப் பலகைகள்: ராமநாதபுரம் கரையோரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம் போகிற வழியில் வேனை நிறுத்தி, அரை மணி நேரத்தில் ராமநாதபுரம் அரண்மனையில் அருங்காட்சியகமாக இருக்கிற ராமலிங்க விலாசத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்ப நினைக்கிற குடும்பங்கள் உண்டு. பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. இந்தப் பக்கம் ஒரு கலைக்கூடத்துக்குப் பலகை வைப்பவர் முதலில் நினைக்க வேண்டியது இவர்களைத்தான். ஆனால் வேலை பெரும்பாலும் கொட்டேஷனில் ஆரம்பிக்கிறது: எத்தனை பலகை, என்ன சைஸ், சதுர அடி என்ன விலை. அதற்கு முன்னால், இடம் தெரியாத ஒருவரை வாசலில் விட்டுப் பின்னாலேயே நடந்து பாருங்கள். அவர் கால் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் பலகை வேண்டும். நேராகப் போகிற தாழ்வாரத்துக்கு ஒன்றும் தேவையில்லை.

செருப்பை எங்கே விடுவது, கழிப்பறை எங்கே, தண்ணீர் உண்டா, போட்டோ எடுக்கலாமா? ஓவியத்துக்கு முன் இந்தக் கேள்விகள்தான் வரும். வாசலில் நிற்கிற காவலரைக் கேட்டால் பட்டியலே தருவார். அதை விட்டுவிட்டு நுழைவாயிலில் வரவேற்புரையும் திறப்பாளர் பெயரும் போடுவது வீண்.

கூடங்களுக்குப் பெரிய பெரிய பெயர் வைத்து, எண் கொடுக்காமல் விடுவது அடுத்த தவறு. ராமேஸ்வரம் கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களுக்கும் பெயர் இருக்கிறது. ஆனாலும் ஈரத்துணியோடு ஓடுகிற வடநாட்டு யாத்ரீகருக்கு அடுத்த கிணற்றைக் காட்டுவது அதன் எண்தான். கூடத்துக்கும் அப்படியே. பெயர் இருக்கட்டும், எண் பெரிதாக இருக்கட்டும்.

மேல்நோக்கிய அம்புக்குறி தனித் தொல்லை. போட்டவர் ‘நேராகப் போங்கள்’ என்று நினைத்திருப்பார். படிக்கட்டுக்குப் பக்கத்தில் அதைப் பார்ப்பவர் மாடி ஏறுவார். மாடி என்றால் படிக்கட்டுப் படத்தையே போட்டுவிடலாம்.

தமிழ் எழுத்துக்கு நடக்கிற அநியாயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டிசைனர் ஆங்கிலத்துக்குக் கட்டம் போட்டுவிடுகிறார். தமிழ் வாசகம் அதில் அடங்காது. எழுத்தைச் சுருக்கி, வரிகளை நெருக்கி உள்ளே திணிப்பார்கள். மேல்வரியின் கொக்கி கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். இரண்டடி தள்ளி நின்றால் ‘க்’ எது, ‘க’ எது என்று தெரியாது. தமிழை முதலில் அமைத்து, அதற்கேற்பக் கட்டத்தை வரையுங்கள். பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்க, ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பொதுவான கணக்கு. சுழியும் வளைவும் கூடிய தமிழுக்கு அதைவிடச் சற்றுத் தாராளமாக வைப்பது நல்லது. அச்சுக்கூடத்தில் இன்னொரு விபத்து காத்திருக்கிறது. பழைய மென்பொருளில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி, ‘கோயில்’ வேறு ஏதோவாக அச்சாகும். கணினித் திரையில் பார்த்துத் தலையாட்டாமல், தாளில் அச்சிட்டு எழுத்துக்கூட்டிப் படித்த பிறகே சரி சொல்லுங்கள்.

பலகையைச் சாப்பிடுவது உப்புக்காற்று. 2025இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. இங்கே வெளியில் வைக்கிற பலகைக்கு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்று மட்டும் எழுதினால் 304 ரகம் வந்து சேரும்; அதில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் என்று ஆர்டரிலேயே குறிப்பிட வேண்டும். பலகை நன்றாக இருந்து திருகாணி மட்டும் சாதாரண இரும்பாகப் போவதும் உண்டு: முதல் மழைக்கே துரு வழிந்து எழுத்தின் மேல் கோடு இழுக்கும். வெயிலில் சிவப்பு வினைல் (ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) பெரும்பாலும் மற்ற நிறங்களுக்கு முன்பே வெளுக்கும். முக்கியமான வாசகத்தைச் சிவப்பில் போடுகிற பழக்கத்தை வெளிச்சுவர்களிலாவது விட்டுவிடலாம்.

உள்ளே போனால் கவலை வேறு. ராமலிங்க விலாசச் சுவர்களில் இருப்பவை ராமநாதபுர மன்னர் முத்து விஜய ரகுநாத சேதுபதி (1713–1725) காலத்து ஓவியங்கள்: தஞ்சை மராட்டியருடன் போர், ஐரோப்பியரை வரவேற்கும் மன்னர், ராமாயணம், பாகவதம். இப்படிப்பட்ட சுவரில் துளையும் வேண்டாம், இருபக்கப் பசை நாடாவும் வேண்டாம். பிய்க்கும்போது சாந்தும் சேர்ந்து வந்துவிடும். தரையில் நிற்கும் தாங்கி போதும், அதுவும் ஓவியத்தை மறைக்காமல். துணி, சுவடி, காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவே வெளிச்சம் என்பது அருங்காட்சியக வழக்கம். அந்த மங்கலில் சாம்பல் பின்னணியில் வெள்ளை எழுத்து அழகாக இருக்கும், படிக்க முடியாது. பளபளப்பு அக்ரிலிக்கில் பார்ப்பவர் முகமும் ஜன்னலும்தான் தெரியும். பளபளக்காத மேட் பரப்பு கேளுங்கள்.

கடைசியாக, பணியாளர்கள் ஒட்டும் ஏ4 தாள்கள். ‘வழி இந்தப் பக்கம்’ என்று பேனாவில் எழுதிய தாளைப் பார்த்ததும் அதிகாரிகள் கிழிக்கச் சொல்வார்கள். கிழிப்பதற்கு முன் அது எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அடுத்த பலகைக்கான இடம் அதுதான்.