கேமரா ஹவுசிங்கில் ஆவி படியாமல் இருக்க

புதுச்சேரியில் டைவ் முடித்துப் படகேறுகிறவர்கள் ஹவுசிங்கில், அதாவது தண்ணீர் புகாத பெட்டியில் போட்ட கேமராவை என்னிடம் நீட்டி, "அண்ணா, லீக் ஆகுதா பாருங்க" என்பார்கள். பெரும்பாலும் லீக் இருக்காது. கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய வெள்ளைப் படலமாக மங்கியிருந்தால், அது மூடும்போதே உள்ளே அகப்பட்ட ஈரக்காற்றின் வேலை. ஹவுசிங்கின் அடியில் தண்ணீர் உருண்டு ஓடினால்தான் லீக். அப்படியானால் டைவை முடித்துக்கொண்டு வழக்கமான வேகத்திலேயே மேலே வாருங்கள். கேமராவுக்காக அவசரமாக ஏறவே கூடாது.

எங்கே மூடுகிறீர்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கடற்கரையில் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், கண்ணாடி 26 டிகிரிக்குக் குளிர்ந்ததும் உள்ளே ஆவி படிய ஆரம்பித்துவிடும். கொஞ்சம் ஆழத்தில் குளிர்ந்த நீரடுக்கு ஒன்று வந்தால் போதும். அதே ஹவுசிங்கை 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள ஏசி அறையில் மூடினால், கண்ணாடி 13 டிகிரி வரை இறங்க வேண்டும். நம் கடலில் அதற்கு வாய்ப்பில்லை. அதனால் முந்தின இரவே ஏசி அறையில் கேமராவையும் ஹவுசிங்கையும் திறந்து வைத்து, காலையில் அங்கேயே பேட்டரி, கார்டு எல்லாம் போட்டு மூடிவிடுங்கள். வெளியே வந்ததும் கண்ணாடியின் வெளிப்பக்கம் மங்கும். அதைத் துடைத்தால் போய்விடும். பயந்துபோய் ஹவுசிங்கைத் திறந்துவிடாதீர்கள்.

மூடும் முன் ஓ-ரிங்கை, அதாவது மூடியின் விளிம்புப் பள்ளத்தில் உட்காரும் ரப்பர் வளையத்தை, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு முடி, ஒரு மணல் துகள் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். ஈரத்தை உறிஞ்ச உள்ளே போடும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தின் மூலை அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொள்வதும் உண்டு. பொட்டலத்தை லென்ஸுக்குப் பின்னால், நன்றாக உள்ளே தள்ளி வையுங்கள்.

படகில் வெயில் படும் பலகையில் கேமராவை வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். சூடானால் சிலிக்கா ஜெல் தான் உறிஞ்சிய ஈரத்தைத் திரும்பக் கக்கிவிடும். அந்தச் சூட்டோடு தண்ணீரில் இறங்கினால் ஈரம் முழுக்கக் கண்ணாடியில்தான் வந்து உட்காரும். நிழலில், ஈரத் துண்டு போர்த்தி வையுங்கள். நன்னீர்த் தொட்டி இருந்தால் அதில் வைப்பது இன்னும் நல்லது.

கேமராவும் சூடு கிளப்பும். கோப்ரோ மாதிரி சின்ன கேமராவில் 4கே வீடியோவை ஓடவிட்டபடியே நீந்தாதீர்கள். எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு நிறுத்துங்கள். பிளாஸ்டிக் ஹவுசிங்கில் இது முக்கியம். அலுமினியம் அளவுக்கு அது சூட்டை வெளியே விடாது.

இரண்டு டைவுக்கு நடுவில் பேட்டரி மாற்றியே ஆக வேண்டுமா? சரி, முதலில் தலையையும் கையையும் நன்றாகத் துவட்டுங்கள். தலைமுடியிலிருந்து சொட்டும் ஒரு துளி உள்ளே போனால் அவ்வளவுதான். மூடும் முன், சிலிண்டர் ஹோஸில் மாட்டும் காற்று நாசில் இருந்தால் உள்ளே மெதுவாக ஊதிவிடுங்கள். டைவிங் சிலிண்டரில் இருப்பது ஈரம் நீக்கிய உலர்ந்த காற்று. ஓ-ரிங்கை நோக்கி மட்டும் ஊத வேண்டாம். அப்புறம் புது சிலிக்கா பொட்டலம் போட்டு மூடி, தொட்டியில் முக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.