220-இலிருந்து வயதைக் கழிப்பதற்கு முன்: பக்கவாத மறுவாழ்வில் ஏரோபிக் பயிற்சியும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

எங்கள் பிசியோதெரபி பிரிவுக்குப் பயிற்சிக்காக வந்திருக்கும் மாணவி ஒருவர், சென்ற வாரம் பக்கவாத நோயாளி ஒருவரைப் பயிற்சி சைக்கிளில் அமர்த்திவிட்டு, அவருடைய இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பைக் கணக்கிட, கைபேசிக் கால்குலேட்டரில் 220-இலிருந்து அவருடைய வயதைக் கழித்துக்கொண்டிருந்தார். மருந்துச் சீட்டு பக்கத்து மேசையில் பிரிக்கப்படாமலே கிடந்தது. இதே தவறை நானும் ஒரு காலத்தில் செய்து, அதற்கான விலையை நோயாளியைக் கொடுக்க வைத்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். வழுக்கும் செருப்பு, பூட்டப்படாத சக்கர நாற்காலி போன்றவற்றை ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

கை கால் பயிற்சியிலேயே இதயமும் பழகிவிடும் என்று நம்புவது

பக்கவாதத்துக்குப் பிறகு உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் வெகுவாகக் குறைகிறது. வலுவிழந்த காலை இழுத்து நடப்பதற்கோ முன்பைவிடக் கூடுதல் ஆற்றல் செலவாகிறது. வரவு குறைந்து செலவு ஏறிய குடும்பத்தைப் போன்ற நிலை இது. வழக்கமான சிகிச்சை இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டுவதில்லை. கனடாவில் நோயாளிகளின் இதயத்துடிப்பைச் சிகிச்சை நேரம் முழுவதும் பதிவு செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு பிசியோதெரபி அமர்வில் இதயத்துக்குப் பயன்தரும் எல்லைக்குள் துடிப்பு இருந்த நேரம் சராசரியாக 3 நிமிடங்களைக்கூட எட்டவில்லை. ஆகவே இதயத்துக்கும் மூச்சுக்கும் வேலை தரும் ஏரோபிக் பயிற்சிக்கென்று தனி நேரம் ஒதுக்குங்கள்.

மருந்துச் சீட்டைப் படிக்காமல் துடிப்பு இலக்கைக் கணக்கிடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

என் தவறுக்கு விலை கொடுத்த அந்த நோயாளிக்கு வயது 58. வலப்பக்கம் வலுவிழந்திருந்தது, பேச்சும் போயிருந்தது. ஓய்வில் துடிப்பு 60. நான் பாடத்தில் படித்தபடி 220-இலிருந்து 58-ஐக் கழித்து, உச்சத் துடிப்பு 162 என்று எழுதிக்கொண்டேன். உச்சத் துடிப்புக்கும் ஓய்வுத் துடிப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் 40 முதல் 70 சதவீதத்தை ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் பயிற்சிக்கான எல்லை கிடைக்கும். அந்தக் கணக்கில் அவருடைய துடிப்பு குறைந்தபட்சம் 101-ஐத் தொட வேண்டும். ஆனால் சைக்கிளில் எவ்வளவு மிதித்தாலும் 98-ஐத் தாண்டவில்லை. அவர் முயலவில்லை என்று முடிவு செய்து, மிதிகட்டையின் எதிர்ப்பைக் கூட்டிக்கொண்டே போனேன். அருகில் நின்ற அவருடைய மனைவி, “சார், இவருக்கு முடியலை போலிருக்கு, முகமே வெளுத்துப்போச்சு” என்று இரண்டு முறை சொன்னார். நான் திரையிலிருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அட்டெனோலால் எடுத்துக்கொண்டிருந்தார். இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள், ஓய்வுத் துடிப்பை மட்டுமல்லாமல், உழைப்பின்போது துடிப்பு ஏறக்கூடிய உச்சத்தையும் இறக்கிவிடுகின்றன. இம்மருந்தை எடுக்கும் இதய நோயாளிகளுக்காக வகுக்கப்பட்ட சூத்திரம் ஒன்று உண்டு: வயதை 0.7-ஆல் பெருக்கி 164-இலிருந்து கழிக்க வேண்டும். அதன்படி அவருடைய உச்சம் ஏறத்தாழ 123. பயிற்சிக்கான எல்லை 85 முதல் 104 வரை. அதாவது, 98-இல் அவர் 60 சதவீதத்தில் உழைத்துக்கொண்டிருந்தார். நான் சோம்பல் என்று நினைத்தது, சரியான அளவில் அவர் செய்துகொண்டிருந்த பயிற்சி.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. கைத்தடியோடு வாசல்வரை நடந்துகொண்டிருந்தவர், அந்தக் களைப்புக்குப் பிறகு எழவே அஞ்சுகிறார் என்று உறவினர் ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டேன். உயிருக்கு ஆபத்து நேரவில்லை என்பதைப் பெரிய ஆறுதலாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது சூத்திரமும் மதிப்பீடுதான். ஈசிஜி கண்காணிப்புடன் செய்யும் உழைப்புச் சோதனையே நம்பத்தக்கது. அதற்கு வசதியில்லாத இடத்தில், நோயாளி தாமே உணரும் களைப்பை 6 முதல் 20 வரை குறிக்கும் போர்க் அளவுகோலைப் பயன்படுத்துங்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2014-ஆம் ஆண்டுப் பரிந்துரை 11 முதல் 14 வரை என்கிறது. பேச்சிழந்தவருக்கு எண்களை வாசித்துக் கேட்பதில் பயனில்லை. படமாக வரைந்து, விரலால் காட்டச் சொல்லுங்கள். அதுவும் புரியாத நோயாளிகள் உண்டு. அங்கே மூச்சையும் வியர்வையையும் முகத்தையும் பார்க்க வேண்டும். உடன் வந்தவர் சொல்வதையும் கேட்க வேண்டும். மாத்திரையின் அளவு மாறினால் பழைய இலக்கு செல்லாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற துடிப்பு உள்ளவருக்குத் துடிப்பு இலக்கே வேண்டாம்.

வலுவிழந்த கையில் பி.பி. பார்ப்பது

நல்ல கையில் பாருங்கள்.

முதல் நாளிலேயே அவசரப்படுவது

முடிந்தவரை சீக்கிரம், முடிந்தவரை அதிகம் என்பது நல்லெண்ணத்தில் பிறந்த பிழை. 2015-இல் வெளியான ‘அவெர்ட்’ ஆய்வு, ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளைக் கொண்டு, பக்கவாதம் வந்த 24 மணிநேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடமாட வைப்பதைச் சோதித்தது. மூன்று மாதங்களுக்குப் பின் நல்ல நிலையில் இருந்தவர்கள் அவ்வாறு எழுப்பப்பட்டோரில் 46 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம். அது ஏரோபிக் பயிற்சியைச் சோதித்த ஆய்வு அல்ல. எனினும் கட்டிலை விட்டு எழுவதே அந்நாளில் அளவாகத் தரப்பட வேண்டியது என்றால், சைக்கிள் இன்னும் காத்திருக்கத்தான் வேண்டும். நோயாளியின் நிலை சீரானதை மருத்துவர் உறுதிசெய்யட்டும்.

இன்சுலின் போட்டவரை வெறும் வயிற்றில் சைக்கிளில் ஏற்றுவது

என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்று கேட்ட பிறகே ஏற்றுங்கள்.

“வீட்டில் நடங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்புவது

எத்தனை நாள், எவ்வளவு நேரம், எவ்வளவு களைப்பு வரை என்று சொல்லாவிட்டால், அவர் கூடத்துக்கும் குளியலறைக்கும் இடையே நடந்துவிட்டுப் பயிற்சி முடிந்தது என்றுதான் எண்ணுவார். வாரத்துக்கு 3 முதல் 5 நாள், நாளொன்றுக்கு 20 முதல் 60 நிமிடம் என்பது முன்சொன்ன அமெரிக்கப் பரிந்துரையின் அளவு. தொடர்ந்து முடியாதவர் 10 நிமிடத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்று சொன்னால் வீட்டாருக்கு எளிதில் விளங்குகிறது. நெஞ்சுவலி, தலைசுற்றல், புதிதாக வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் பெரிய எழுத்தில் எழுதி, நோயாளியிடம் மட்டும் கொடுக்காமல் அவரோடு நடக்கப்போகிறவரிடம் கொடுத்தனுப்புங்கள்.