கல்லீரல் நோயும் வெளிநாட்டு வாழ்க்கையும்: சிகிச்சை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லீரல் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று துபாயிலோ சிங்கப்பூரிலோ மருத்துவர் சொன்ன அன்றே ஊருக்குத் தொலைபேசி பறக்கிறது: “சென்னையில் எந்த ஆஸ்பத்திரி நல்லது?” கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் மூன்றாவதாக. நோய்க்குக் காரணம் என்ன, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற இரண்டுக்கும் பதில் தெரியாமல் பலர் விமானம் ஏறிவிடுகிறார்கள்.

காரணம் தெரிந்தால் பாதையே மாறலாம். ஹெபடைடிஸ் சி என்றால் பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையிலேயே வைரஸ் ஒழிந்துவிடும். ஹெபடைடிஸ் பி என்றால் தினமும் ஒரு மாத்திரையில் கட்டுக்குள் வைக்கலாம். மதுவால் வந்ததென்றால், குடியை அடியோடு நிறுத்திய சில மாதங்களில் நிலைமை தேறியவர்கள் உண்டு. கட்டத்தை அறிய ‘மெல்டு’ என்றொரு மதிப்பெண் இருக்கிறது. பிலிருபின், ஐ.என்.ஆர்., கிரியேட்டினின், சோடியம் ஆகிய இரத்தப் பரிசோதனைகளிலிருந்து கணக்கிடுவது. 6 முதல் 40 வரை போகும்; கூடக்கூட நோய் முற்றியிருக்கிறது என்று பொருள். அது 15ஐ எட்டினாலோ, வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி, மனக்குழப்பம் மூன்றில் ஒன்று ஒருமுறை வந்துவிட்டாலோ, கல்லீரல் மாற்று அறுவை செய்யும் மையம் ஒன்று நோயாளியைப் பார்த்தாக வேண்டும். பார்த்தால் உடனே வெட்டிவிடுவார்கள் என்று பயந்து தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. பலரை மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். பெயரும் விவரமும் அங்கே இருக்கும், அவ்வளவுதான்.

கம்பெனி காப்பீட்டில் வரும் கிளினிக்கில் மாதக்கணக்கில் லிவர் டானிக் குடித்துக்கொண்டிருப்பதை சிகிச்சை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லீரல் சிறப்பு மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிரிட்டனில் பெரியவர்களுக்குக் கல்லீரல் மாற்று செய்யும் மையங்கள் ஏழுதான். கடிதம் இல்லாமல் நேரே போய் நிற்க முடியாது. அரசு மருத்துவச் சேவைக்குத் தகுதி இல்லாத வெளிநாட்டவர் உறுப்புக்கான வரிசையில் பின்னுக்குப் போவார். சிங்கப்பூரில் உறுப்பு தான ஏற்பாட்டிலிருந்து விலகிக்கொண்டவருக்கு, பின்னால் உறுப்பு தேவைப்படும்போது முன்னுரிமை குறையும். நீங்கள் இருக்கும் நாட்டில், உங்கள் விசாவுக்கு, அந்தப் பட்டியலில் இடம் உண்டா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும்.

வளைகுடாவில் இருப்பவர்கள் வாய் திறக்காததற்குக் காரணம் வேறு. வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் பார்க்கிறார்கள். விசா போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சத்தில், ஊரில் தொடங்கிய ஹெபடைடிஸ் பி மாத்திரையை அங்கே போனதும் ரகசியமாக நிறுத்திவிடுவது ஆபத்து. வைரஸ் மறுபடி சீறி எழுந்து, சில வாரங்களிலேயே கல்லீரலைச் செயலிழக்கச் செய்யக்கூடும்.

மனக்குழப்பத்தை யாரும் கல்லீரலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. ஆறு பேர் தங்கும் அறையில் ஒருவர் பகலெல்லாம் தூங்குகிறார், இரவில் விழித்து உலாவுகிறார், பேச்சு குழறுகிறது, சட்டைப் பொத்தானைப் போடக் கை தடுமாறுகிறது. ‘மறுபடி குடித்துவிட்டான்’ என்று அறைத் தோழர்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். கல்லீரல் நோயாளிக்கு இது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய அறிகுறி. கறுப்பாக மலம் போவதும், வயிற்றில் நீரோடு காய்ச்சல் வருவதும் அப்படித்தான்.

கைவைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானாகவே அடங்கும்; அந்தப் புகழைக் கீழாநெல்லி வாங்கிக்கொள்கிறது. முற்றிய கல்லீரல் நோயில், ஊரிலிருந்து பார்சலில் வரும் பெயரில்லாப் பொடிகள் நிலைமையைக் கெடுக்கலாம். வலி மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை கூடவே கூடாது. மருத்துவர் அனுமதித்தால் பாராசிட்டமால், அதுவும் பொதுவாக நாளுக்கு 2 கிராமுக்குள். முட்டை, பருப்பை நிறுத்திப் பத்தியக் கஞ்சி மட்டும் கொடுப்பதும் தவறு. புரதம் குறைந்தால் தசை கரைந்துவிடும்.

மாற்று அறுவைக்கு ஊருக்கே வருவது என்று முடிவானால், தன் கல்லீரலில் ஒரு பகுதியைத் தானம் கொடுப்பவர் யார் என்பதில்தான் குடும்பங்கள் இடறுகின்றன. இந்தியச் சட்டத்தில் நெருங்கிய உறவு என்றால் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், அத்தோடு சரி. சித்தப்பா மகன் நமக்குத் தம்பிதான், மருமகன் வீட்டுப் பிள்ளைதான். ஆனால் இவர்கள் கொடுப்பதென்றால், உறுப்பு தானங்களை விசாரித்து ஒப்புதல் தரும் அங்கீகாரக் குழுவின் அனுமதி தேவை. நோயாளி கனடா, பிரிட்டன், சிங்கப்பூர், இலங்கைக் குடிமகனாக இருந்து, கொடுப்பவர் இந்தியராக இருந்தால், நெருங்கிய உறவு அல்லாதவருக்கு அனுமதியே கிடையாது. நெருங்கிய உறவாக இருந்தாலும் குழுவின் முன் ஒப்புதலும் தூதரகச் சான்றும் வேண்டும். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு இந்தியர்களுக்குப் போக மிஞ்சினால்தான் வெளிநாட்டவருக்கு. இதை மறைத்து, “எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கொடுப்பவரும் தயார்” என்று பேசும் தரகர் வந்தால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். சிறைக்குப் போகும் விஷயம் அது.

கொடுக்க முன்வருபவர் ஒருவரை மட்டும் நம்பி டிக்கெட் போடாதீர்கள். இரத்த வகை பொருந்திய தம்பிக்கே ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் தெரிந்து, அவர் தள்ளுபடியாவது அடிக்கடி நடக்கிறது. இரத்த வகை, எடை, கல்லீரல் ஸ்கேன் மூன்றையும் புறப்படும் முன்பே பார்த்துவிடலாம்.

ஆவணங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். சி.டி. ஸ்கேன் படத்தை ட்யூப்லைட் முன் பிடித்து எடுத்த போட்டோவில் மின்விசிறியின் நிழல்தான் தெளிவாக இருக்கும். அறிக்கையில் தேதி இருக்கும் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். ஸ்கேனைக் குறுந்தட்டிலோ பென்டிரைவிலோ முழுதாக வாங்குங்கள். எண்டோஸ்கோபி அறிக்கை, பயாப்சி செய்திருந்தால் அதன் கண்ணாடித் தகடுகள், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி அனுப்பினால், இங்குள்ள மருத்துவர் வீடியோ ஆலோசனையிலேயே பாதி முடிவைச் சொல்லிவிடுவார். அண்மையில் இரத்த வாந்தி எடுத்தவரும் மூச்சு முட்டுமளவு வயிற்றில் நீர் கோத்தவரும், விமானம் ஏற மருத்துவச் சான்று கொடுக்க வேண்டியிருக்கும். விமான நிறுவனத்தின் படிவத்தை நிரப்பாமல் கவுண்டரில் போய் நின்று திரும்பியவர்கள் உண்டு.

அறுவை முடிந்து சில வாரங்களில் வேலைக்குத் திரும்பலாம் என்று விடுமுறை போடுவதும் நடக்காத கணக்கு. முதல் சில மாதங்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே இருக்கச் சொல்வார்கள். பிறகு, புதுக் கல்லீரலை உடல் ஒதுக்கித் தள்ளாமல் தடுக்க, ஆயுள் முழுக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரை. திரும்பிப் போகும் ஊரில் அது கிடைக்குமா, இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் ஆய்வகம் உண்டா, காப்பீடு ஏற்குமா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். கடையில் வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்தால், மருத்துவரிடம் கேட்காமல் மாற்றிக்கொள்ளக் கூடாது. பயணத்தில் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்; பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம்.