எஞ்சின் மிஸ் ஆகிறதா? பிளக் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள்

மாரி தொடங்கிவிட்டால் திருகோணமலையில் கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது: “காலையில் ஸ்டார்ட் செய்தால் உதறுகிறது, ஏற்றத்தில் இழுவையே இல்லை.” ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியவில்லை; இதைத்தான் மிஸ் என்கிறோம். உடனே கடைக்குப் போய், பெற்றோலைப் பற்றவைக்கும் பிளக் ஒரு செட் வாங்கிவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு நாள் நன்றாக ஓடிய கார் மூன்றாம் நாள் மறுபடி உதறியது.

கராஜில் ஸ்கேனர் போட்டபோது வந்த குறியீடு பி0302. இரண்டாம் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. பிளக்கா, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலா, பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டரா என்பதை நாம்தான் தேட வேண்டும். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில் உள்ள காரில் அதற்குச் செலவே இல்லை. எஞ்சினை ஆறவிட்டு, இரண்டாம் சிலிண்டர் கொயிலையும் மூன்றாம் சிலிண்டர் கொயிலையும் இடம் மாற்றுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் கொயில்தான் பழுது. பி0302 அப்படியே நின்றால் அடுத்ததாகப் பிளக்கையும் அதேபோல இடம் மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

என் காரில் கொயிலும் நல்லது, பிளக்கும் நல்லது. கொயிலுக்கு வரும் வயரின் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் தெரிந்தது: ஒரு பின்னில் பாசிபோலப் பச்சை படிந்திருந்தது. உப்புவெளியில் கடற்காற்று படும் இடத்தில் இரவெல்லாம் நிற்கும் கார் அது. கொன்டாக்ட் கிளீனர் அடித்து, சிறிய பிரஷ்ஷால் தேய்த்ததும் உதறல் நின்றது. எஞ்சின் மேல் நேரடியாகத் தண்ணீர் அடித்துக் கழுவுவதும் இதே வினையைக் கொண்டுவரும்.

பிளக் குழியில் எண்ணெய் நின்றால் டப்பெட் கவர் கேஸ்கெட்டை (எஞ்சின் மேல்மூடியில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்) மாற்றாமல் புதுப் பிளக் போடாதீர்கள். இரிடியம் பிளக்கின் முனையைத் தேய்க்கவும் வேண்டாம்.

எஞ்சின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது பழைய பழக்கம். அதில் பாய்வது பல்லாயிரம் வோல்ட். கையையும் தாக்கும், கொயிலையும் கெடுக்கும்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரியும்போது “கந்தளாய் வரை போய்விடலாம்” என்று ஓட்டுவது. எரியாத பெற்றோல், புகையைச் சுத்தமாக்கும் கெற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. உள்ளே தேன்கூடு போல இருக்கும் பகுதி உருகிவிடும். ஒரு கொயிலின் விலையோடு முடிய வேண்டிய வேலை பல மடங்காகும். தயவுசெய்து ஓரமாக நிறுத்துங்கள்.

கொயில், பிளக், இன்ஜெக்டர் மூன்றையும் சோதித்த பிறகும் அதே சிலிண்டர்தான் என்றால், கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் சரியா என்று, பார்க்காமல் வேறெதையும் வாங்காதீர்கள். வால்வு எரிந்திருந்தால் எத்தனை பிளக் மாற்றினாலும் அந்தச் சிலிண்டர் பிடிக்காது.