மெலடிக் பாஸ் ஆல்பம் கேட்கத் தொடங்குவது எப்படி? (இரைச்சல் என்று பாதியில் நிறுத்தியவர்களுக்காக)

வேலூர் சத்துவாச்சாரியில் நான் மாடியில் குடியிருக்கிறேன், கீழே வீட்டுக்கார அம்மா. ஒருநாள் அவர் படியேறி வந்து கதவைத் தட்டி, "இன்னா தம்பி, டேங்க் ரொம்பி வழியப் போவுது, மோட்டார நிறுத்தலியா?" என்று கேட்டார். மோட்டார் ஓடவே இல்லை, நான் ஸ்பீக்கரில் மெலடிக் பாஸ் என்ற மின்னணு இசையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். உச்சத்தில் ஒலிக்கும் சத்தங்களை எல்லாம் சுவரும் தளமும் தடுத்துவிட, பாஸ் எனும் தாழ்ந்த ஒலி மட்டும் கசிந்து இறங்கி அவர் வீட்டுக்குள் மோட்டாராகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்த இசையை முதல் தடவை கேட்கிற நிறைய பேருக்கும் அந்த அம்மாவின் நிலைமைதான். உறுமல் கேட்கும், மெட்டு கேட்காது. ஆனால் மெலடிக் பாஸில் அந்த உறுமலே மெட்டைத்தான் பாடுகிறது, அதைப் பிடிக்கத்தான் இந்தப் பதிவு.

வரலாறு சுருக்கமாக. 2000-களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனில், குறிப்பாகக் குரோய்டன் பக்கம், டப்ஸ்டெப் என்ற மின்னணு நடன இசை உருவானது: நிமிடத்துக்கு 140 தட்டு வேகம், நிறைய வெற்றிடம், அடிவயிற்றில் இடிக்கும் பாஸ். பின்னால் வந்தவர்கள் அதன் மேல் பியானோவையும் பாடகர்களையும் பெரிய பெரிய கார்டுகளையும் (பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது) ஏற்றினார்கள். அமெரிக்காவின் டென்வர் நகரத்து இசைக்கலைஞர் இல்லேனியம் அவர்களில் ஒருவர். 'ஆஷஸ்' (2016), 'அவேக்' (2017), 'அசெண்ட்' (2019) என்று தொடராக மூன்று ஆல்பம் போட்டு, 2021 ஜூலையில் லாஸ் வேகஸ் ஸ்டேடியத்தில் மூன்றையும் ஒரே இரவில் நடத்திக் காட்டினார். நாம் 'அவேக்'கை எடுத்துக்கொள்வோம்.

படி 1: எதில் கேட்பது

போன் ஸ்பீக்கரில் வேண்டவே வேண்டாம். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் போடுகிறதே, அது சுமார் 100 ஹெர்ட்ஸ். இந்த இசையின் சப் பாஸ், அதாவது பாஸிலும் ஆகக் கீழே இருப்பது, அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, 50 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் அதற்குக் கீழேயும் உலாவும். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் அந்தக் காற்றைத் தள்ள முடியாது, பாட்டில் பாதி காணாமல் போய்விடும்.

இயர்போன் போதும், ஆனால் காதில் இறுக்கமாக உட்கார வேண்டும். ஒரு சோதனை செய்து பாருங்கள். பாட்டு ஓடும்போது இரண்டு இயர்போனையும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பாஸ் சட்டென்று கூடினால் அந்த ரப்பர் முனை உங்கள் காதுக்குச் சின்னது, டப்பாவில் இருக்கும் அடுத்த சைஸை மாட்டுங்கள். நான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் 250 ரூபாய்க்கு 'எக்ஸ்ட்ரா பாஸ்' என்று எழுதிய ஒன்றை வாங்கி இரண்டு மாதம் கேட்டேன். எல்லாப் பாட்டும் 'டொம் டொம்' என்று ஒரே மாதிரி இருக்க, பழியை இசை மேல் போட்டேன். அதில் பாஸ் கூடுதலாக இருந்தது உண்மை, ஆனால் எந்த ஸ்வரத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்லத் தெரியாத பாஸ்.

படி 2: எப்போது கேட்பது

பஸ்ஸில் வேண்டாம். ராணிப்பேட்டை பஸ்ஸின் எஞ்சின் உறுமலும் சப் பாஸும் ஒரே உயரத்தில் ஓடுவதால் பாஸ் அதற்குள் மூழ்கிவிடும், நீங்களும் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, இந்த இசை அதை எளிதாகத் தாண்ட வைக்கும். ஃபேனை நிறுத்தினால் நல்லது. மே மாதத்து வேலூரில் இதைச் சொன்னால் அடிக்க வருவீர்கள் என்று தெரியும், அதனால் விடிகாலை ஐந்து மணி. அந்த நேரத்தில் கோட்டை அகழி ஓரமாக நடந்துகொண்டும் கேட்கலாம்.

படி 3: முதல் சுற்றில் மெட்டை மட்டும் பிடியுங்கள்

இதுதான் முக்கியமான படி, மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள். பாட்டு பெரும்பாலும் பியானோவோ கிட்டாரோ வைத்து மெதுவாகத் தொடங்கும், யாராவது பாடுவார்கள். வரிகளை விட்டுவிடுங்கள். பிரிவு, வலி, 'நீ வந்து காப்பாற்று' என்பதைத் தாண்டி அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மெட்டை மட்டும் வாய்க்குள் முணுமுணுங்கள். அப்புறம் டிரம்ஸ் நெருக்கமாகும், காற்று ஏறுவது போல ஒரு இரைச்சல் மேலே போகும், ஒரு நொடி எல்லாம் நிற்கும், பிறகு மொத்தமாக இடிந்து விழும். அதுதான் டிராப். அந்த இடத்திலும் உங்கள் முணுமுணுப்பை நிறுத்தாதீர்கள். நிறைய இடங்களில் உங்கள் மெட்டும் அந்த இடியும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தி உட்காரும், சில இடங்களில் மெட்டு மாறியிருந்தாலும் கீழே ஓடும் கார்டுகள் அதேதான். நான் பத்துப் பதினைந்து தடவை கேட்ட பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன், அன்று ரிவைண்ட் செய்து செய்து போன் சார்ஜே போய்விட்டது.

அந்த ஒரு நொடி நிறுத்தம் நமக்குப் புதிதில்லை. குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் பம்பைக்காரர்கள் அடியை நெருக்கிக்கொண்டே போய்ச் சட்டென்று கையை எடுப்பார்கள், கூட்டம் மூச்சைப் பிடிக்கும், அடுத்த அடி விழும்போது சாமி வந்துவிடும்.

படி 4: கையால் எண்ணுங்கள்

வேகம் 140 முதல் 150 வரை இருந்தாலும் நடை பாதி வேகத்தில்தான் இருப்பதாகத் தோன்றும், காரணம் ஸ்னேர் என்ற டிரம் அடி விழும் இடம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் 'மூன்று' வரும்போதுதான் அந்தப் பெரிய அடி. 150 வேகத்தில் இந்த நான்கு எண்ணிக்கை, அதாவது ஒரு சுற்று, 1.6 விநாடி. டிராப் பதினாறு சுற்று ஓடினால் கிட்டத்தட்ட 26 விநாடி. எட்டாவது சுற்றின் முடிவில் ஏதாவது மாறுகிறதா என்று கவனியுங்கள், பெரும்பாலும் மாறும்.

படி 5: அடுக்குகளைப் பிரியுங்கள்

டிராப்பில் மேலே அகலமாக ஒளிர்வது போல ஒரு சத்தம் கேட்கும், பெயர் சூப்பர்சா. 1996-இல் வந்த ரோலண்ட் ஜேபி-8000 என்ற சிந்தசைசர் பிரபலமாக்கியது. ஒரே ஸ்வரத்தை ஏழு பேர் நாயனத்தில் ஊத, ஆளுக்கு மயிரிழை சுருதி விலகினால் எப்படி இருக்கும்? கச்சேரியில் அது தப்பு, இங்கே அந்த விலகல்தான் அழகு.

அடுத்தது சைடுசெயின். மோட்டார் சுவிட்ச் போட்டவுடன் டியூப்லைட் ஒரு கணம் மங்கித் திரும்ப வருமே, அதேதான். கிக் என்ற பெரிய டிரம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் கார்டுகள் மங்கி மேலெழும், மொத்தப் பாட்டும் மூச்சு விடுவது போல இருக்கும். பாடகியின் குரலைத் துண்டு துண்டாக நறுக்கி அடுக்கியிருப்பதும் ஆங்காங்கே வரும், அதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். சப் பாஸ் கடைசி. ஸ்பீக்கர் இருந்தால் அலமாரியில் ஒரு காலி எவர்சில்வர் டம்ளரை வையுங்கள். எங்கள் வீட்டு டம்ளர் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்துக்கு மட்டும் 'ட்ரர்ர்' என்று நடுங்கும், பாஸ் அடுத்த ஸ்வரத்துக்கு நகர்ந்ததும் நின்றுவிடும். பாஸுக்கும் மெட்டு உண்டு என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்த டம்ளர்தான்.

படி 6: வரிசை மாற்றாமல் முழுசாக

ஷஃபிளை அணையுங்கள், ஆப்பில் கிராஸ்ஃபேடையும் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) அணையுங்கள். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் போர்க்களத்துக்கு நடுவே கட்டியங்காரன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவதில்லையா, ஆல்பத்திலும் அப்படி இளைப்பாறும் பாட்டுகள் உண்டு. தனியாகக் கேட்டால் சப்பென்று இருக்கும், இரண்டு இடிகளுக்கு நடுவில் கேட்டால்தான் அதன் வேலை புரியும். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், 'அவேக்'கில் பாதி தாண்டியதும் 'இதே ஏற்றம், இதே இறக்கம்தானா' என்று எனக்கும் தோன்றியது. அப்படித் தோன்றினால் அங்கேயே நிறுத்திவிட்டு மறுநாள் அந்த இடத்திலிருந்து தொடருங்கள்.

மூன்று நாள் உட்கார்ந்தும் ஒட்டவில்லையா? சரி, போர்ட்டர் ராபின்சன் என்ற அமெரிக்க மின்னணு இசைக்கலைஞரின் 'வேர்ல்ட்ஸ்' (2014) ஆல்பத்தைப் போட்டுப் பாருங்கள். அதில் இடி குறைவு, மெட்டு முன்னால் நிற்கும். அதைக் கேட்டு முடித்துவிட்டு 'அவேக்'குக்குத் திரும்பி வந்தால், படி 3 இன்னும் சுலபமாக இருக்கும். கீழ் வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் இயர்போனிலேயே கேளுங்கள்.